சொஃப்ட்வெயார் இலவசம், மற்றப் பாதி வீட்டில் இருக்கிறது

எலெக்ட்ரோனிக்ஸ் படிக்கிற பிள்ளை 'மின்சுற்றை ஓட்டிப் பார்க்க சொஃப்ட்வெயார் வேணும்' என்று கேட்டால், குட்மேய்ஸிலோ செவன் கிங்ஸிலோ இருக்கிற ஒரு தமிழ்க் குடும்பம் என்ன செய்யும்? ஒன்றில், படிப்புக்குத்தானே என்று பாங்க் கார்டை எடுத்துக் கொடுக்கும். இல்லாவிட்டால், 'கிராக்' பண்ணின கொப்பி யாரிடம் இருக்கிறது என்று தேடும். இரண்டுமே தேவையில்லை.

இந்த மென்பொருள் செய்கிற வேலை இதுதான். மின்கலம், ரெசிஸ்ரர், கப்பாசிற்றர், டயோட், ரான்சிஸ்ரர் எல்லாவற்றையும் கணனித் திரையில் வரைந்து இணைக்கிறோம். எந்த இடத்தில் எத்தனை வோல்ட், எந்தக் கம்பியில் எவ்வளவு மின்னோட்டம் என்று அது கணக்குப் போட்டுக் காட்டுகிறது. பிழை விட்டால் புகை வராது, காசும் போகாது. மாற்றி வரைந்து மறுபடி ஓட்டலாம்.

இதன் வேர் அமெரிக்காவின் பேர்க்லி பல்கலைக்கழகத்தில் இருக்கிறது. லோரன்ஸ் நேகல் என்ற ஆராய்ச்சி மாணவர் உருவாக்கிய 'ஸ்பைஸ்' என்ற நிரல் 1973இல் வெளிவந்தது. அவரை வழிநடத்திய பேராசிரியர் டொனால்ட் பெடர்சன் ஒரு விஷயத்தில் பிடிவாதமாக இருந்தார்: இது யாருடைய தனிச்சொத்தாகவும் இருக்கக்கூடாது, கேட்கிறவர்கள் எல்லோருக்கும் போய்ச் சேரவேண்டும். அந்தப் பிடிவாதத்தின் பலனாக, இன்றைக்குப் பெரிய நிறுவனங்கள் விற்கிற விலை கூடிய மென்பொருள்கள் பலவற்றுக்கும், இலவசமாகக் கிடைக்கிறவற்றுக்கும் அதே ஸ்பைஸ்தான் அடித்தளம்.

அப்படியென்றால் எதை எடுப்பது? ஜிசிஎஸ்இ வயதுப் பிள்ளைக்கு பிரவுசரிலேயே ஓடுகிற ஃபால்ஸ்டட் சிமுலேற்றர் அல்லது ரிங்கர்காட் சேர்க்கிட்ஸ் போதும். எதையும் கணனியில் நிறுவத் தேவையில்லை. ஏ லெவல், பல்கலைக்கழகம் என்று வரும்போது எல்டிஸ்பைஸ். விண்டோஸிலும் மக்கிலும் ஓடும். இத்தனை உறுப்புகளுக்கு மேல் வரையக்கூடாது என்ற கட்டுப்பாடும் இல்லை. வரைந்த சுற்றைப் பிறகு உண்மையான சர்க்கிட் போர்டாக அடிக்க விரும்பினால் கிகாட். 2018இல் வந்த ஐந்தாம் பதிப்பிலிருந்து என்ஜிஸ்பைஸ் என்ற திறந்த மூல சிமுலேற்றரும் அதற்குள்ளேயே இருக்கிறது. மும்பை ஐஐடியின் ஃபோசி திட்டம் கிகாட், என்ஜிஸ்பைஸ் இரண்டையும் சேர்த்து 'ஈசிம்' என்ற பெயரில் இலவசமாகத் தருகிறது.

பல்கலைக்கழகங்கள் தருகிற மாணவர் லைசென்ஸ் பெரும்பாலும் படிப்போடு முடிந்துவிடும். கிராக் கொப்பியோ சட்டத்துக்கு மாறானது என்பதோடு நிற்பதில்லை. அதோடு ஒட்டிக்கொண்டு வருகிற வைரஸ், அதே லப்டொப்பில் அம்மா பாவிக்கிற பாங்க் பாஸ்வேர்டையும் கொண்டுபோகலாம். இலவசமானதைக்கூட, அதைச் செய்தவர்களின் சொந்தத் தளத்திலிருந்துதான் இறக்கவேண்டும்.

எடுத்தாயிற்று. பாவிப்பது எப்படி? எங்கட ஊர்ச் சுற்று ஒன்றையே பார்ப்போம்.

1990களில் யாழ்ப்பாணத்தில் கரண்ட் இல்லை. பொருளாதாரத் தடையில் பற்றரியும் இல்லை. சைக்கிளை ஸ்ராண்டில் நிறுத்தி, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் வருகிற மின்சாரத்தில் ரேடியோவைப் போட்டு பிபிசி தமிழோசை கேட்டது ஒரு தலைமுறை. அந்தத் தலைமுறையில் பலர் இன்றைக்கு லண்டனில் அப்பா, அம்மா, மாமா.

டைனமோ தருவது ஆடலோட்டம், ரேடியோவுக்கு வேண்டியது நேரோட்டம். எல்டிஸ்பைஸில் 6 வோல்ட் ஆடலோட்ட மூலம் ஒன்று, நான்கு டயோட், 1000 மைக்ரோஃபரட் கப்பாசிற்றர் ஒன்று, ரேடியோவுக்குப் பதிலாக 100 மில்லிஅம்பியர் இழுக்கிற சுமை ஒன்று வரையுங்கள். 6 வோல்ட்டின் உச்சம் ஏறக்குறைய 8.5 வோல்ட். ஒரு நேரத்தில் இரண்டு டயோட் வழியாகப் போவதால் 1.4 வோல்ட் குறைந்து 7.1 வரும். 50 ஹேர்ட்ஸில் ஓட்டினால் அந்த மின்னழுத்தம் ஏறக்குறைய 1 வோல்ட் ஏறி இறங்கும். ரேடியோவில் கேட்கிற 'ம்ம்' என்ற இரைச்சல் அதுதான். 25 ஹேர்ட்ஸுக்குக் குறைத்தால் அந்த ஏற்ற இறக்கம் இரட்டிப்புக்குக் கிட்டப் போகும். கப்பாசிற்றரை 2200 ஆக்கினால் பாதிக்குக் கீழே வரும். பத்து நிமிட வேலை.

ஆனால் இந்தப் படத்தில் ஒரு பொய் இருக்கிறது. 'எந்த வேகத்திலும் 6 வோல்ட்' என்று நாங்கள் சொன்னதைக் கணனி அப்படியே நம்பிவிட்டது. உண்மையான டைனமோ அப்படியில்லை. வேகமாக உழக்கினால் லைற் கூடப் பிரகாசிக்கும், சில நேரம் பல்ப்பே எரிந்துபோகும் என்பது ஊரில் சைக்கிள் ஓடின ஆக்களுக்குத் தெரியும். பல்ப்பைக் கழற்றிவிட்டுக் குறைந்த மின்னோட்டம் இழுக்கிற ஒன்றை மட்டும் மாட்டினால், மின்னழுத்தம் 6ஐத் தாண்டி எங்கேயோ போகும். ரேடியோ கருகிவிடும்.

திரை இதைத் தானாகச் சொல்லாது. வேகத்தோடு மின்னழுத்தமும் ஏறும், டைனமோச் சுருளுக்கும் ஒரு தடை இருக்கிறது என்று நாங்கள்தான் அதற்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும். சொல்லிக்கொடுத்தால், மின்னழுத்தத்தைக் கட்டுப்படுத்த ஒரு செனர் டயோட் எந்த இடத்தில் வேண்டும் என்பதை அழகாகக் காட்டும். பொறியியலில் இதை 'மொடல்' என்பார்கள். மொடல் பிழையென்றால், எவ்வளவு விலை கொடுத்து வாங்கின மென்பொருளும் பிழையான விடையைத்தான் தரும்.

இங்கேதான் எங்கட வீடுகளில் ஒரு நட்டம் நடக்கிறது. லப்டொப்போடு மகள் மேல்மாடி அறையில். ரேடியோ திருத்தத் தெரிந்த அப்பா கீழே, 'எனக்கு கொம்பியூட்டர் விளங்காது' என்று ரீவிக்கு முன்னால். ஒருவரிடம் கணக்கு இருக்கிறது, மற்றவரிடம் அனுபவம் இருக்கிறது. இரண்டும் சந்திப்பதில்லை. தன் அனுபவத்தை அறிவென்று அப்பாவே எண்ணுவதில்லை. மகளும் அதைக் கேட்பதில்லை.

கேட்கவேண்டும். டைனமோ மட்டுமில்லை, மோட்டர், சூரியத் தகடு, பழைய அம்பிளிஃபயர் என்று எதை எடுத்தாலும் முதலில் திரையில் வரையட்டும், பிறகு மேசையில் பூட்டட்டும், மல்ரிமீற்றரை வைத்து இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதட்டும். அவை ஒத்துப்போகாத இடத்தில்தான் படிப்பு தொடங்குகிறது. அந்த நேரம் பக்கத்தில் இருக்கவேண்டியவர் ரியூசன் மாஸ்ரர் இல்லை, கையில் ஒருகாலம் சோல்டரிங் அயர்ன் பிடித்தவர்.

சொஃப்ட்வெயாருக்குக் காசு தேட வேண்டாம். அதைப் பெடர்சன் ஐம்பது வருடத்துக்கு முதலே பார்த்துவிட்டார். நாங்கள் கொடுக்கவேண்டியது சனிக்கிழமை பின்னேரம் இரண்டு மணித்தியாலம்.