2023 தாமிரபரணி வெள்ளம்

2023 தாமிரபரணி வெள்ளம் என்பது 2023 திசம்பர் 17, 18 ஆகிய நாட்களில் பெய்த அதிகனமழையைத் தொடர்ந்து, தமிழ்நாட்டின் தாமிரபரணி ஆற்றுப் படுகையிலும் அதனை அடுத்த கடலோரப் பகுதிகளிலும் ஏற்பட்ட பெருவெள்ளம் ஆகும். தூத்துக்குடி, திருநெல்வேலி மாவட்டங்கள் மிகக் கடுமையாகப் பாதிக்கப்பட்டன. தென்காசி, கன்னியாகுமரி மாவட்டங்களிலும் சேதங்கள் ஏற்பட்டன. 30க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அணைகளுக்கு மேலே மலையில் பெய்த மழையுடன், அணைகளுக்குக் கீழே சமவெளியில் பெய்த மழையும் பெருமளவில் சேர்ந்து உருவாக்கியது என்பதே இவ்வெள்ளத்தின் தனித்தன்மையாகும்.

ஆற்றின் அமைப்பு

தாமிரபரணி (பொருநை) மேற்குத் தொடர்ச்சி மலையின் பொதிகை மலைப் பகுதியில் தோன்றி, சுமார் 128 கிலோமீட்டர் ஓடி, புன்னைக்காயல் அருகே மன்னார் வளைகுடாவில் கலக்கின்றது. தோற்றம் முதல் முகத்துவாரம் வரை தமிழ்நாட்டிற்குள்ளேயே ஓடும் ஆறு இதுவாகும். பாபநாசம், சேர்வலாறு, மணிமுத்தாறு ஆகிய அணைகள் மலையடிவாரத்தில் இதன் நீரைத் தேக்குகின்றன. அவற்றிற்குக் கீழே கோடைமேலழகியான் முதல் திருவைகுண்டம் வரை எட்டு அணைக்கட்டுகள் உள்ளன. இவை வெள்ளத்தைத் தேக்குவதற்காக அல்லாமல், ஆற்று நீரைக் கால்வாய்களுக்குத் திருப்புவதற்காகக் கட்டப்பட்டவை.

குற்றாலம் மலையில் தோன்றித் தென்காசி வழியாக ஓடும் சிற்றாறு, சீவலப்பேரி அருகே தாமிரபரணியுடன் கலக்கின்றது. இதன் துணையாறுகள் சிலவற்றில் அணைகள் இருப்பினும், சிற்றாற்றின் முதன்மை ஓட்டத்தில் பெரிய அணை ஏதும் இல்லை. பச்சையாறு போன்ற பிற துணையாறுகளும் பெரிய அணைகளுக்குக் கீழேயே முதன்மை ஆற்றில் சேர்கின்றன.

காரணங்கள்

வானிலை: குமரிக்கடலிலும் அதனை ஒட்டிய பகுதிகளிலும் நிலவிய வளிமண்டலச் சுழற்சி விரைந்து நகராமல் நீடித்தது. கிழக்கிலிருந்து வந்த ஈரப்பதம் மிக்க காற்று ஒரே பகுதியின் மேல் தொடர்ந்து குவிந்ததால் மழை இடைவிடாது பெய்தது. திசம்பர் 18 காலையுடன் முடிந்த 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் சுமார் 95 செ.மீ., திருச்செந்தூரில் 69 செ.மீ., திருவைகுண்டத்தில் 62 செ.மீ., மாஞ்சோலையில் 55 செ.மீ. மழை பதிவானது. காயல்பட்டினத்தில் ஒரு நாளில் பெய்த மழை, தூத்துக்குடி மாவட்டத்தின் ஓராண்டுச் சராசரி மழையை விடவும் மிகுதியாகும்.

மழை பெய்த இடம்: 1992 நவம்பரில் ஏற்பட்ட தாமிரபரணி வெள்ளத்தில் மலைப்பகுதியின் மழையும் அணைகள் நிரம்பி வெளியேறிய நீரும் முதன்மைப் பங்கு வகித்தன. 2023இல் மலையிலும் கனமழை பெய்தது. அணைகளிலிருந்து நீரும் திறக்கப்பட்டது. ஆயினும் மிக உயர்ந்த மழை அளவுகள் பதிவான இடங்கள் கடற்கரையை ஒட்டியிருந்தன. அங்கு விழுந்த நீரைத் தேக்குவதற்கு அணைகளால் இயலாது.

குளங்களின் உடைப்பு: தாமிரபரணிப் பாசனத்தில் கால்வாய்களும் குளங்களும் ஒன்றோடொன்று சங்கிலியாக இணைந்துள்ளன. ஒரு குளம் நிரம்பினால் அதன் உபரி நீர் மறுகால் பாய்ந்து அடுத்த குளத்திற்குச் செல்லும். வழக்கமான மழைக்கு இம்முறை சிறந்த பாதுகாப்பாகும். ஆனால் எல்லாக் குளங்களும் ஒரே இரவில் நிரம்பும்போது, மேற்குளம் உடைந்து வரும் நீர் கீழ்க்குளத்தின் கரையையும் தகர்க்கின்றது. திருவைகுண்டம் தென்கால் பாசனத்திலுள்ள கடம்பாகுளம், தூத்துக்குடிக்கு அருகிலுள்ள கோரம்பள்ளம் குளம் ஆகியவற்றின் கரைகள் உடைந்தன. கோரம்பள்ளம் குளத்திற்கு வடகால் நீருடன், மேற்கேயுள்ள மானாவாரி நிலங்களிலிருந்து வரும் காட்டாற்று நீரும் சேர்வதுண்டு.

பாதிப்புகள்

திருநெல்வேலியில் சந்திப்புப் பகுதி, தொடர்வண்டி நிலையம், கொக்கிரகுளத்திலுள்ள மாவட்ட ஆட்சியர் அலுவலக வளாகம் ஆகியவற்றை வெள்ளம் சூழ்ந்தது. ஆற்றின் நடுவே அமைந்த குறுக்குத்துறை முருகன் கோயில் மூழ்கியது. திருவைகுண்டம், ஏரல், ஆத்தூர் வட்டாரங்களில் சாலைகளும் தொலைத்தொடர்பும் துண்டிக்கப்பட்டு, பல ஊர்கள் தனித்தீவுகளாயின. நெல், வாழை ஆகிய பயிர்களும் தூத்துக்குடி உப்பளங்களும் பெரும் சேதமடைந்தன. தாழ்வான தூத்துக்குடி நகரின் பல பகுதிகளில் மழை நின்ற பின்னரும் நீர் பல நாட்கள் வடியவில்லை.

திசம்பர் 17 இரவு திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட விரைவுத் தொடர்வண்டி, திருவைகுண்டம் நிலையத்தில் சுமார் 800 பயணிகளுடன் நிறுத்தப்பட்டது. நிலையத்திற்கு அப்பால் தண்டவாளத்தின் அடியிலிருந்த சரளைக் கற்களை வெள்ளம் அரித்துச் சென்றிருந்தது. பயணிகளில் ஒரு பகுதியினர் அருகிலிருந்த பள்ளியில் தங்க வைக்கப்பட்டனர். சாலைவழி உதவி வந்தடைவதற்கு முன்னர் அருகிலுள்ள கிராம மக்களே உணவு சமைத்து வழங்கினர். திசம்பர் 19 அன்று எஞ்சியோர் மீட்கப்பட்டு, வாஞ்சி மணியாச்சியிலிருந்து சிறப்புத் தொடர்வண்டியில் அனுப்பி வைக்கப்பட்டனர்.

மீட்பும் நிவாரணமும்

தேசியப் பேரிடர் மீட்புப் படை, மாநில மீட்புப் படை, தரைப்படை, கடற்படை, வான்படை, கடலோரக் காவல்படை ஆகியவற்றுடன் மீனவர்களும் தம் படகுகளுடன் மீட்பில் ஈடுபட்டனர். கடுமையாகப் பாதிக்கப்பட்ட வட்டங்களின் குடும்பங்களுக்கு 6,000 ரூபாயும், ஏனைய பகுதிகளுக்கு 1,000 ரூபாயும் வழங்குவதாக மாநில அரசு அறிவித்தது.

மழையின் அளவு போதிய முன்னறிவிப்புடன் தெரிவிக்கப்பட்டதா என்பது குறித்து மாநில அரசுக்கும் ஒன்றிய அரசுக்கும் இடையே கருத்து வேறுபாடு எழுந்தது. அதே மாதத் தொடக்கத்தில் சென்னையைத் தாக்கிய மிக்சாம் புயலையும் சேர்த்து, மாநில அரசு ஏறத்தாழ 38,000 கோடி ரூபாய் கோரியது. 2024 ஏப்ரலில் இரண்டிற்குமாகச் சுமார் 276 கோடி ரூபாயை ஒன்றிய அரசு விடுவித்தது.

பிற்கால விளைவுகள்

இவ்வெள்ளம் தாமிரபரணி–கருமேனியாறு–நம்பியாறு இணைப்புத் திட்டத்தின் மீது மீண்டும் கவனத்தைத் திருப்பியது. உபரி நீரைச் சாத்தான்குளம், திசையன்விளை போன்ற வறண்ட பகுதிகளுக்குக் கொண்டு செல்வதற்காக 2009இல் தொடங்கப்பட்ட இத்திட்டம், நீண்ட காலத் தாமதத்திற்குப் பின் 2025 பெப்ரவரியில் பயன்பாட்டிற்குத் திறந்து வைக்கப்பட்டது. எனினும் இக்கால்வாய் ஆற்றின் மூன்றாவது அணைக்கட்டான கன்னடியன் அணைக்கட்டுப் பகுதியிலிருந்து பிரிகின்றது. அதற்குக் கீழே சேரும் சிற்றாற்றின் நீரையோ, திருவைகுண்டத்திலும் கடற்கரையிலும் பெய்யும் மழையையோ அதனால் திருப்ப இயலாது. அந்நீருக்கு வலுவான குளக்கரைகளும், தடையற்ற மறுகால் ஓடைகளும், தூர்வாரப்பட்ட முகத்துவாரமுமே வழியாகும்.

2024 திசம்பர் நடுப்பகுதியில் பெய்த கனமழையால் தாமிரபரணியிலும் சிற்றாற்றிலும் மீண்டும் வெள்ளப்பெருக்கு ஏற்பட்டது. குற்றாலம் அருவிப் பகுதிகள் சேதமடைந்தன. ஓராண்டு இடைவெளியில் நிகழ்ந்த இவ்விரு நிகழ்வுகளும், பாபநாசம், மணிமுத்தாறு அணைகளின் நீர்மட்டத்தை மட்டும் கொண்டு கீழ்ப்பகுதி ஊர்களின் வெள்ள அபாயத்தைக் கணிக்க இயலாது என்பதைக் காட்டுகின்றன.