ஆறு வயதோடு மறைந்துபோகும் துத்தநாகம்

புது தில்லி: பள்ளிக் குழந்தைகளின் மதிய உணவைக் கலோரியாலும் புரதத்தாலும் அளந்துவரும் மத்திய அரசின் கணக்கில், துத்தநாகச் சத்துக்கு இன்னமும் உரிய இடம் கிடைத்தபாடில்லை. இத்தனைக்கும் அச் சத்து குறைவாக இருப்பதைக் கண்டறிந்ததே மத்திய அரசின் கணக்கெடுப்புதான்.

சுகாதார அமைச்சகம் யுனிசெஃப் ஒத்துழைப்புடன் 2016 முதல் 2018 வரை நடத்திய தேசிய விரிவான ஊட்டச்சத்துக் கணக்கெடுப்பின் முடிவுகள் 2019 அக்டோபரில் வெளியாயின. 5 முதல் 9 வயது வரையிலான குழந்தைகளில் 17 சதவீதத்தினருக்கும், 10 முதல் 19 வயது வரையிலானோரில் 32 சதவீதத்தினருக்கும் ரத்தத்தில் துத்தநாகம் போதிய அளவில் இல்லை என்பது அதில் தெரியவந்தது. 5-9 வயதினரில் 22 சதவீதத்தினர் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள்.

வளரிளம் பருவத்தில் விகிதம் உயர்வதில் வியப்பில்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் 2020-இல் பரிந்துரைத்த அளவின்படி, 7-9 வயதுக் குழந்தைக்கு நாளொன்றுக்கு 5.9 மில்லிகிராம் துத்தநாகம் தேவை. 13-15 வயதுச் சிறுவனுக்கோ 14.3 மில்லிகிராம். தேவை இரண்டு மடங்குக்கு மேல் உயர, தட்டில் விழுவது அதே சோறும் ரொட்டியும்தான்.

இச் சத்தின் அருமையை உலகுக்கு உணர்த்தியவர் பிகார் மாநிலம் பக்ஸரில் பிறந்த மருத்துவர் ஆனந்த பிரசாத். 1958-இல் ஈரானின் ஷிராஸ் நகரில், 21 வயதாகியும் சிறுவனைப் போலத் தோற்றமளித்த நோயாளி ஒருவரை அவர் கண்டார். அந்த நோயாளியின் உணவு பெரும்பாலும் ரொட்டிதான். பின்னர் எகிப்தில் நடந்த ஆய்வுகள், வளர்ச்சி நின்றுபோனதற்குத் துத்தநாகப் பற்றாக்குறையே காரணம் என்று காட்டின. தானியங்களிலும் பருப்புகளிலும் உள்ள ஃபைட்டேட் என்ற பொருள் துத்தநாகத்தைப் பிணைத்து, உடலில் சேரவிடாமல் தடுத்துவிடுகிறது. ஊறவைத்தாலும், முளைகட்டினாலும், புளிக்கவைத்தாலும் அத் தடை குறையும். இட்லி மாவின் பெருமைகளில் இதுவும் ஒன்று.

சட்டத்தில் உள்ள இடைவெளி

தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் இரண்டாவது அட்டவணை 2023 ஜனவரியில் திருத்தப்பட்டபோது, அங்கன்வாடி உணவுக்கான அளவுகோல்களில் இரும்பு, கால்சியம் ஆகியவற்றுடன் துத்தநாகமும் சேர்க்கப்பட்டது. வரவேற்கத்தக்க மாற்றம்தான். ஆனால், அங்கன்வாடியை விட்டு ஒன்றாம் வகுப்புக்கு வரும் குழந்தை 450 கலோரி, 12 கிராம் புரதம் என்ற பழைய கணக்குக்குள் வந்துவிடுகிறது. ஆறாம் வகுப்பு முதல் அது 700 கலோரி, 20 கிராம். எட்டாம் வகுப்போடு 'பி.எம். போஷண்' திட்டமே முடிந்துவிடுகிறது. பற்றாக்குறை அதிகமாக உள்ள வயது அதற்குப் பிறகும் தொடர்கிறது.

பிரதமர் 2021 சுதந்திர தின உரையில் அறிவித்த செறிவூட்டப்பட்ட அரிசியிலும் இரும்பு, ஃபோலிக் அமிலம், பி12 ஆகிய மூன்றுமே கட்டாயம். துத்தநாகம் விருப்பத்துக்கு விடப்பட்டது. மாத்திரையாகக் கொடுத்துவிடலாம் என்பதும் எளிதான தீர்வல்ல. இரும்பும் துத்தநாகமும் உடலில் சேர்வதற்கு ஒன்றோடொன்று போட்டியிடுபவை. ரத்தசோகையை விரல் நுனி ரத்தத்தில் கண்டுவிடலாம். துத்தநாகத்துக்கு ஆய்வுக்கூடம் வேண்டும், காய்ச்சல் வந்தாலே அளவு மாறிவிடும். அதனால்தான் இந்தக் குறை கண்ணில் படுவதில்லை.

உணவுவகையை விரிவாக்குவதே மிஞ்சும் வழி. தமிழகத்தில் பள்ளி நாள்கள் ஐந்திலும் முட்டை தரப்படுகிறது. மத்தியப் பிரதேசத்திலோ 2015-இல் அங்கன்வாடிகளில் முட்டை தரும் யோசனையையே அன்றைய முதல்வர் சிவராஜ் சிங் சௌஹான் நிராகரித்தார். முட்டை ஒன்றே போதாது என்பதும் உண்மை. ஒரு முட்டையில் உள்ள துத்தநாகம் ஒரு மில்லிகிராமைக்கூட எட்டாது.

நெல்லிலேயே இதற்கு ஒரு வழி உண்டு. வழக்கமான ரகங்களின் தீட்டிய அரிசியில் கிலோவுக்கு 12 முதல் 16 மில்லிகிராம் துத்தநாகம் இருக்க, ஹைதராபாதில் உள்ள இந்திய நெல் ஆராய்ச்சி நிறுவனத்தின் 'டி.ஆர்.ஆர். தன் 45' ரகத்தில் 22.6 மில்லிகிராம் உள்ளது. 2016-இல் வெளியிடப்பட்ட ரகம் அது. எனினும், நெல்லுக்கான குறைந்தபட்ச ஆதரவு விலை 'சாதாரண ரகம்', 'ஏ கிரேடு' என்ற இரு பிரிவுகளுக்கே அறிவிக்கப்படுகிறது. சத்துள்ள ரகத்தைப் பயிரிடும் விவசாயிக்குத் தனி விலை இல்லை. கொள்முதல் நிலையத்தில் அந்த நெல்லும் மற்ற மூட்டைகளோடு மூட்டையாகக் கலந்துவிடுகிறது.