பொம்மைக் காரும் பந்தயத் தரையும்

சென்ற மாதம் ஒருநாள் மாலைத் திருப்பலி முடிந்தபின் ஒரு தந்தை என்னைச் சந்தித்தார். பதின்மூன்று வயதான அவருடைய மகன், வானொலி அலைகளால் தொலைவிலிருந்து இயக்கப்படும் பந்தயக் கார் ஒன்று வேண்டுமென்று விடாமல் கேட்கிறானாம். "ஒரு பொம்மைக்கு இத்தனை ஆயிரம் செலவிடுவது முறையா, சுவாமி? நீங்களே அவனுக்குப் புத்தி சொல்லுங்கள்" என்றார். அவர் எதிர்பார்த்த மறுமொழியை நான் கூறவில்லை. பொறிகள் என்றால் குருமட நாள் தொட்டே எனக்கு ஒரு சபலம் உண்டு. இப்பந்தயங்களைப் பற்றியும் ஓரளவு படித்திருக்கிறேன். அவரை அமரச் செய்து, அறிந்தவற்றைச் சொன்னேன். பிள்ளைகளை உடைய பிற குடும்பங்களுக்கும் அது பயன்படலாம்.

ஜப்பானின் ஷிசுவோகா நகரிலுள்ள தமியா நிறுவனம், 1976ஆம் ஆண்டில் போர்ஷே 934 என்னும் காரைப் பன்னிரண்டில் ஒரு பங்கு அளவிற்குச் சுருக்கி, மின்சாரத்தால் ஓடும் மாதிரியாக வெளியிட்டது. அளவு பிசகக் கூடாது என்பதற்காக உண்மையான போர்ஷே கார் ஒன்றையே அந்நிறுவனத்தார் விலைக்கு வாங்கி, உறுப்பு உறுப்பாகக் கழற்றி அளந்தனர் என்பது இத்துறையில் பலரும் அறிந்த செய்தி. 1979இல் மணலிலும் மேடு பள்ளத்திலும் ஓடத்தக்க கார்களை அதே நிறுவனம் வெளியிட்டது. தார்த் தளத்தில் பழகிய விளையாட்டு மண்ணிலும் இறங்கிவிட்டது.

இன்று பந்தயங்களில் பெரிதும் ஓடுபவை பத்தில் ஒரு பங்கு அளவுள்ள கார்கள். எடை ஏறக்குறைய ஒன்றரைக் கிலோ. மின்சாரக் கார்களுக்கு ஓர் ஓட்டம் பெரும்பாலும் ஐந்து நிமிடம். ஓட்டுபவர் உயரமான மேடையொன்றில் நின்று, கையிலுள்ள கருவியால் காரைத் திருப்புகிறார். காரினுள் அமர்ந்திருப்பவனுக்குச் சக்கரம் வழுக்குவது உடம்பிலேயே தெரிந்துவிடும். மேடைமேல் நிற்பவனுக்கோ கண் ஒன்றே துணை. ஆகையால் ஓட்டம் தொடங்குமுன்னரே தரையை அறிந்திருக்க வேண்டும். வெற்றி தோல்வியின் பெரும்பகுதி இங்கேதான் தீர்மானமாகிறது. விலையுயர்ந்த மோட்டாரை வாங்கிவிட்டு, தரைக்கு ஒவ்வாத டயரோடு வருபவன் முதல் வளைவிலேயே சுழன்று நிற்பான்.

மண் தரையை முதலில் எடுத்துக்கொள்வோம். காலையில் பந்தயத் தளத்தில் நீர் தெளித்திருப்பார்கள். ஈரம் நெடுநேரம் நிற்கக் கால்சியம் குளோரைடு உப்பை மண்ணோடு கலப்பதும் உண்டு. அப்போது உயர்ந்த முள் போன்ற ரப்பர்க் குமிழ்கள் கொண்ட டயர்கள் மண்ணைக் குத்திப் பிடிக்கும். கார்கள் ஓட ஓட, அவை மீண்டும் மீண்டும் செல்லும் பாதை இறுகி, ரப்பர் படிந்து, கறுத்துப் பளபளப்பாகிவிடும். அதற்கு 'நீலத்தடம்' என்று பெயர். காலையில் உதவிய அதே முள் டயர் இப்போது பயன்படாது. மிகச் சிறிய குமிழ்கள் கொண்டதோ, முற்றிலும் வழவழப்பானதோ தேவைப்படும். இத்தடத்தை விட்டு ஒரு சாண் விலகினாலும் தளர்ந்த புழுதி. கார் பிடிப்பிழந்து போகும். விதைப்பவர் உவமையில் மிதிபட்டு இறுகிய வழியோரம் விதைக்கு ஆகாத இடம். இங்கேயோ இறுகிய வழியே நல்ல நிலம். உவமையைத் தலைகீழாக்குவதாக எவரும் என்மேல் குறை கூற வேண்டாம்!

அமெரிக்காவின் உள்ளரங்கக் களிமண் தளங்கள் சிலவற்றில் சர்க்கரை நீர் தெளிக்கிறார்கள். கடை வாயில்களிலுள்ள கார் நிறுத்துமிடங்களில் பந்தயம் நடத்தும்போதும் இவ்வழக்கம் உண்டு. தரை பிசுபிசுப்பாகி டயரைப் பற்றிக்கொள்ளும். இதைக் கேட்ட அந்தத் தந்தை, "எறும்பு வராதா?" என்று வினவினார். நியாயமான கேள்விதான்.

தார்த் தளத்தில் வெயிலே அதிகாரி. காலையில் குளிர்ந்திருக்கும் தரை நண்பகலில் சுடும். பத்து மணிக்கு வென்ற டயர் இரண்டு மணிக்குத் தோற்கும். ஐரோப்பாவில் செயற்கைப் புல்தளங்கள் மிகுதி. இங்கிலாந்தில் ஈரப் புல்வெளியில் ஓட்டும் வழக்கமும் உண்டு.

கம்பளத் தரை எனக்குப் பெருவியப்பு அளித்தது. குளிர்நாடுகளில் மழையும் பனியும் பெய்யும் மாதங்களில், மண்டபத்தினுள் கம்பளம் விரித்துப் பந்தயம் நடத்துகின்றனர். தார்ச்சாலைக் கார்களின் வகையைச் சேர்ந்தவை இங்கு ஓடும்போது, அவற்றின் அடிப்பாகத்திற்கும் தரைக்கும் இடையே ஐந்து மில்லிமீட்டர் அளவே இடைவெளி இருக்கும். மண் தரைக் கார்களுக்கோ இருபது மில்லிமீட்டருக்கு மேலும் வேண்டும். டயர்களில் ஒருவகைத் தைலம் பூசுவார்கள். முன்னாளில் பெயர்பெற்ற தைலங்களில் மூட்டுவலி மருந்திலுள்ள மெத்தில் சாலிசிலேட்டே கலந்திருந்ததால், பந்தய மண்டபம் முழுவதும் மருந்துக்கடை மணம் வீசுமாம். இப்போது பல மண்டபங்களில் மணமற்ற தைலத்திற்கு மட்டுமே அனுமதி.

கம்பளத்தின் இடர் வழுக்கல் அன்று, மிதமிஞ்சிய பிடிப்பே. வளைவில் டயர் தரையை விட மறுக்கும்போது, காரின் மேற்பாகம் வெளிப்புறம் சாய்ந்து, கார் கவிழ்ந்துவிடுகிறது. பிடிப்புக்காகத் தைலம் பூசியவர்களே, டயரின் ஓரச் சுவரில் பசை தடவி அவ்விடத்தை இறுகச் செய்து, பிடிப்பைக் குறைக்கிறார்கள். எவ்வளவு பூசுவது, எவ்வளவு தடவுவது என்பதை எந்த நூலும் சொல்லாது. ஓட்டிப் பார்த்து, கவிழ்ந்து, மறுபடியும் மேசைக்கு வந்து கழற்றி மாட்டித்தான் கற்க வேண்டும்.

அந்த மேசையருகில் பெரும்பாலும் இருவர் இருப்பர். பத்தில் ஒரு பங்கு அளவுள்ள மின்சார மண்தரைக் கார்களுக்கான முதல் உலகப் போட்டி, 1985இல் அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்து டெல் மாரில் நடைபெற்றது. நான்கு சக்கர இயக்கப் பிரிவில் வென்றவர் இளைய கில் லோசி. தந்தையும் மகனுமாகவே அக்குடும்பத்தார் இத்துறையில் உழைத்தனர். 1987இல் இங்கிலாந்தின் ரொம்சியில் அதே பிரிவில் வென்ற மசாமி ஹிரோசாகா என்னும் ஜப்பானிய இளைஞருக்கு அப்போது வயது பதினேழு. பின்னர் பல்வேறு பிரிவுகளிலும் தரைகளிலும் மொத்தம் பதினான்கு உலகப் பட்டங்களை வென்றார். அவருடைய காரைச் சீர்படுத்திக் கொடுத்த துணைவர் அவருடைய தந்தையே. மகன் மேடையில் நின்று கண்டதைச் சொல்ல, தந்தை கீழே திருகாணியைத் திருப்புவார். வளர்ந்த பிள்ளைகளோடு பேசுவதற்குப் பொருளே அகப்படவில்லை என்று நம் பெற்றோர் சிலர் என்னிடம் வருந்துவதுண்டு; அவர்களை நினைத்துக்கொண்டேன்.

இன்னொரு வழக்கத்தையும் அவரிடம் சொன்னேன். தன் ஓட்டத்தை முடித்தவன், வென்றாலும் தோற்றாலும், கருவியை வைத்துவிட்டுத் தளத்தின் ஒரு வளைவில் போய் நிற்க வேண்டும். அடுத்த ஓட்டத்தில் கவிழும் கார்களை ஓடிச்சென்று நிமிர்த்தி விடுவது அவன் கடமை. சற்று முன் தன்னை இடித்துத் தள்ளியவனின் நண்பனுடைய காராயினும் நிமிர்த்தித்தான் ஆக வேண்டும். தவறினால், அவன் பெற்ற சிறந்த ஓட்டத்தையே கணக்கிலிருந்து நீக்கும் விதி பல சங்கங்களில் உண்டு.

தந்தை சற்று நேரம் பேசாதிருந்தார். பிறகு, "எதை வாங்குவது, சுவாமி?" என்றார். முற்றிலும் பூட்டி விற்பதை வேண்டாமென்றேன். உறுப்புகளாக வரும் எளிய பெட்டி ஒன்றை வாங்கி, இருவருமாகத் தரையில் அமர்ந்து பூட்டுங்கள், வேகமான மோட்டாருக்கு இப்போது அவசரமில்லை என்றேன். "எங்கே ஓட்டுவான்? முற்றம் சிமெண்டா, மண்ணா?" என்று கேட்டேன். அவர் விடை சொல்லாமல், கோவில் வாயிலில் காத்து நின்ற மகனை அழைத்தார்.