முகூர்த்தம் ஆறு மணிக்கு, கிச்சன் எத்தனை மணிக்கு?

சாப்பாட்டுக் கடைக்கும் தங்கும் விடுதிக்கும் சென்னையில் ஒரே பெயர்தான்: ஹோட்டல். அந்த ஹோட்டலின் மாடியில் ‘பார்ட்டி ஹால்’ என்று பலகை தொங்கும் அறையில், மதியம் வெட்டிய பிறந்தநாள் கேக்கின் வாசம் போவதற்குள் சாயங்காலம் இன்னொரு வீட்டின் நிச்சயதார்த்தத் தட்டுகள் வந்து இறங்குகின்றன. தாலி கட்டுவதையும் அங்கேயே வைத்துக்கொண்டால் என்ன என்று கேட்கும் குடும்பங்களும் இப்போது உண்டு.

கேள்வி அத்தனை புதிதல்ல. உடுப்பிப் பக்கத்திலிருந்து வந்த கிருஷ்ண ராவ் ராயப்பேட்டையில் தொடங்கிய உட்லண்ட்ஸும், அதன் வழியில் மயிலாப்பூரில் எழுந்த நியூ உட்லண்ட்ஸும் சாப்பாட்டுக்குப் பேர் வாங்கியவை. கல்யாணத்துக்கும் பேர் வாங்கியவை. புதிதாக வந்தது ஒரு எண். 2020-இல் கொரோனா ஊரடங்கின்போது கல்யாணத்துக்கு 50 பேர்தான் என்று அரசு வரம்பு வைத்தது. ஆயிரம் பத்திரிகை அடித்துப் பழகிய வீடுகள் உட்கார்ந்து ஐம்பது பெயர் எழுதின. கட்டுப்பாடு போய்விட்டது. அந்தக் கணக்கு மட்டும் சில வீடுகளில் தங்கிவிட்டது.

நூறு பேருக்கு மண்டபம் பிடிப்பது வீண்செலவு என்பதில் சந்தேகமில்லை. மண்டப வாடகை வெறும் தொடக்கம். அதன்மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி, மீட்டர் பார்த்துக் கரண்ட், ஜெனரேட்டருக்கு டீசல், கிளீனிங், காஸ் சிலிண்டர். பிறகுதான் சமையல் கான்ட்ராக்டர் வந்து இலைக் கணக்கைத் தொடங்குவார். ஹோட்டலில் தலைக்கு இவ்வளவு என்று ஒரே பேச்சு. தனியாக நடக்கும் உணவகமானால் சாப்பாட்டுக்கு ஜிஎஸ்டி 5 சதவீதம்தான்.

ஆனால் அங்கே ‘மினிமம் கேரண்டி’ என்று ஒன்று இருக்கிறது. நூறு பேர் என்று சொல்லிவிட்டு எழுபது பேர் வந்தாலும் நூறு தட்டுக்குப் பணம் கட்ட வேண்டும். நம் ஊரிலோ பத்திரிகையைக் கையில் வாங்கியவர் “கண்டிப்பா வந்துடறோம்” என்பார். அது மரியாதைக்குச் சொல்வது. வருகிறவர் வீட்டில் இருக்கும் மச்சினரையும் கூட்டி வருவார். வராதவர் மறுவாரம் மொய்க் கவரோடு வீட்டுக்கு வருவார். இந்த ஊரில் ஆள் கணக்கைத் துல்லியமாகச் சொல்லக்கூடியவர் எவரும் இல்லை. எனவே கேரண்டியைக் குறைத்துச் சொல்லி, கூடுதல் தட்டுக்கு என்ன விலை என்பதை முன்கூட்டியே எழுதி வாங்குவதே புத்திசாலித்தனம். பில்லில் சர்வீஸ் சார்ஜ் தானாக ஏறியிருந்தால் கட்ட மறுக்கலாம். மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022-இல் சொன்னது அது. டெல்லி உயர் நீதிமன்றமும் 2025-இல் உறுதி செய்தது.

பணத்தைவிடப் பெரிய சிக்கல் நேரம். மண்டபம் பெரும்பாலும் முதல்நாள் மதியத்திலிருந்து மறுநாள் மதியம்வரை உங்கள் வீடு. ஹோட்டலில் கிடைப்பது நான்கு மணி நேரம். முகூர்த்தமோ விடியற்காலையில் வருகிறது. அந்நேரத்தில் ஹோட்டல் கிச்சனில் அன்றைய டிபனுக்கு இட்லித்தட்டு ஏறிக்கொண்டிருக்கும். ஏழு மணிக்கு வழக்கமான கூட்டம் கீழே காபிக்கு நிற்கும்போது மாடிக்கு இருநூறு காபி போய்ச் சேராது. அதனால்தான் பலர் வேலையை இரண்டாகப் பிரிக்கிறார்கள்: வடபழனியிலோ திருநீர்மலையிலோ சந்நிதியில் தாலி, மதியம் ஹோட்டலில் சாப்பாடு. இப்போதைக்கு உருப்படியான ஏற்பாடு இதுதான்.

ஹாலிலேயே கட்டுவோம் என்றால் அடுத்த கேள்வி நெருப்பு. ஏசி அறையில் ஹோமம் வளர்த்தால் புரோகிதருக்கு முன்னால் கூரையிலிருக்கும் புகை உணர்கருவி மந்திரம் சொல்லத் தொடங்கும். மொட்டைமாடி உண்டா, அங்கே அனுமதி உண்டா என்று முன்பணம் கொடுப்பதற்கு முன்பே கேட்க வேண்டும். சுயமரியாதைத் திருமணத்துக்கு இந்தத் தொல்லை கிடையாது. அண்ணா ஆட்சிக்காலத்தில் இந்துத் திருமணச் சட்டத்தில் சேர்ந்த 7ஏ பிரிவு அக்னியையும் புரோகிதரையும் கேட்பதில்லை. உறவினர், நண்பர் முன்னிலையில் மாலை மாற்றினாலோ மோதிரம் அணிவித்தாலோ தாலி கட்டினாலோ போதும். சிறப்புத் திருமணச் சட்டப்படி செய்பவர்களும், 30 நாள் நோட்டீஸ் காலம் முடிந்தபின் கூடுதல் கட்டணம் கட்டி, பதிவு அதிகாரியை அலுவலகத்துக்கு வெளியே நியாயமான தொலைவில் உள்ள இடத்துக்கு வரவழைக்கலாம். எங்கே நடந்தாலும் பதிவு செய்ய 90 நாள் கெடு. சார்பதிவாளரிடம் காட்டவாவது நாலு பத்திரிகை அடித்து வைத்துக்கொள்வது நல்லது.

பாட்டுப் போட உரிமம் வேண்டும் என்று மேனேஜர் சொன்னால் பயப்பட வேண்டாம். கல்யாண நிகழ்ச்சிகளில் இசைக்கும் பாட்டுக்கு ராயல்டி தேவையில்லை என்று மத்திய அரசு 2023 ஜூலையில் விளக்கிவிட்டது. தவிலும் நாதஸ்வரமும் அந்தத் தாழ்ந்த கூரைக்குக் கீழே காதைக் கிழிக்கும் என்பது வேறு விஷயம்.

கடைசியாகப் பந்தி. பார்ட்டி ஹாலில் மணவறைக்கும் சாப்பாட்டு மேசைக்கும் ஒரே தரைதான், ஆகவே பஃபேதான் என்பார்கள். எழுபது வயது அத்தை தட்டை ஏந்திக்கொண்டு வரிசையில் நின்றால் அந்தப் பேச்சு பேரன் கல்யாணம்வரை ஓயாது. இருபது பேருக்காவது உட்காரவைத்து இலை போடுவார்களா என்று கேளுங்கள்.

முன்பணம் கொடுப்பதற்கு முன் ஒரு முகூர்த்த நாள் ஞாயிற்றுக்கிழமை, மதியம் ஒரு மணிக்கு, யாரென்று சொல்லாமல் அந்த ஹோட்டலில் போய் உட்காருங்கள். சாப்பாடு சொல்லுங்கள். சாம்பாருக்குப் பிறகு ரசம் வர எத்தனை நிமிடம் ஆகிறது என்று பாருங்கள்.