கம்பி இருந்தும் இணையம் வராதபோது

மும்பையின் லாமிங்டன் சாலைக் கடைகளில், அலுவலகங்கள் கழித்துவிட்ட கணிப்பொறி ஒன்றைச் சகாய விலைக்கு வாங்கிவந்து, அதில் லினக்ஸ் இயங்குதளத்தை நிறுவிப் படிக்கவும் தொழில் பழகவும் முற்படும் தமிழ் இளைஞர்கள் தாராவியிலும் மாட்டுங்காவிலும் செம்பூரிலும் உண்டு. லைசென்ஸ் கட்டணம் இல்லை, பழைய யந்திரத்திலும் சுறுசுறுப்பாக ஓடும் என்ற இரண்டு காரணங்களே இதற்குப் போதும். போதாததற்கு, பவாயிலுள்ள பம்பாய் ஐ.ஐ.டி.யின் ஸ்போக்கன் டுடோரியல் திட்டம் லினக்ஸ் பாடங்களைத் தமிழ்க் குரலிலேயே இலவசமாக வழங்குகிறது. ஆனால் அந்தப் பாடத்தைப் பார்ப்பதற்கே இணையம் வேண்டும். கம்பியைச் செருகியும் இணையம் வராமற்போய், "இது நமக்கு ஒத்துவராது" என்று லினக்ஸையே கைவிட்டுவிடுகிறவர்களைக் காணும்போது மனம் மிகவும் வருந்துகிறது. ஏனெனில் அவர்களை மடக்கிய தடை பெரும்பாலும் அற்பமானது, அதைத் தேடும் கிரமத்தைத்தான் யாரும் அவர்களுக்குச் சொல்லித் தரவில்லை.

குழாயில் தண்ணீர் வராத காலையில், சால் எனப்படும் வரிசை வீடுகளில் குடியிருப்பவர் எடுத்த எடுப்பிலேயே மாநகராட்சிக்கு ஓடுவதில்லை. தம் வீட்டுக் குழாய், மாடித் தொட்டி, பம்பு, அப்புறம் தெருக்குழாய் என்று வரிசையாகப் பார்க்கிறார். இங்கும் அதே வரிசைதான் பிரமாணம்.

முதலில் கவனிக்க வேண்டியது, கம்பி செருகும் துவாரத்தின் அருகிலுள்ள சிறு விளக்கு. அது எரியாதவரை லினக்ஸின் எந்த அமைப்பை மாற்றினாலும் பெரும்பாலும் பிரயோஜனம் இல்லை. ஈதர்நெட் கம்பிக்குள் எட்டுச் செப்புத் தந்திகள் நான்கு ஜோடிகளாக முறுக்கிக் கிடக்கின்றன. 100 மீட்டர் அதன் எல்லை. நம் நகரத்திலோ அது கூரைக்குக் கூரை தாவி, ஜூன் முதல் செப்டம்பர் வரை மழையில் ஊறி, எலிப் பல்லுக்கும் இலக்காகி, பிளக்கின் தகடுகளில் களிம்பேறி வீட்டுக்குள் வந்து சேருகிறது. 100 மெகாபிட் வேகத்துக்கு இரண்டு ஜோடிகள் போதும், 1000 மெகாபிட்டுக்கு நான்கும் வேண்டும். ஆகையால் ஒரே ஒரு தந்தி அறுந்தாலும் வேகம் பத்தில் ஒன்றாகச் சரியலாம், இணைப்பே கூடாமலும் போகலாம். நன்றாக வேலை செய்யும் வேறொரு கம்பியை மாற்றிச் செருகிப் பார்ப்பதே இதற்கு உத்தமமான பரீட்சை. அதே யந்திரத்தில் விண்டோஸும் இருந்தால் இன்னொரு சந்தேகத்துக்கும் இடமுண்டு: விண்டோஸ் அணையும்போது சில நெட்வொர்க் கார்டுகளை உறக்கத்தில் ஆழ்த்திவிட, அடுத்து எழும் லினக்ஸால் அவற்றை எழுப்ப முடிவதில்லை. மின்சாரப் பிளக்கையே பிடுங்கிச் சற்று நேரம் கழித்துச் செருகினால், உறங்கிய கார்டு விழித்துக்கொள்வதுண்டு.

விளக்கு எரிந்தபின், 'ஐ.பி. லிங்க்' (ip link) என்ற கட்டளையைக் கொடுத்தால் லினக்ஸ் தனக்குத் தெரிந்த கார்டுகளையெல்லாம் பட்டியலிடும். அதில், யந்திரம் தனக்குள்ளேயே பேசிக்கொள்ளும் 'லோ' (lo) மாத்திரமே தென்பட்டால், கார்டை அது அடையாளம் காணவில்லை, உரிய டிரைவர் தேவை என்று அர்த்தம், கைபேசியை யு.எஸ்.பி. வழியாக இணைத்து அதன் இணையத்தைக்கொண்டே டிரைவரை இறக்கிக்கொள்ளலாம்.

கார்டும் தெரிகிறது, விளக்கும் எரிகிறது, ஆனால் ஐ.பி. முகவரி கிடைக்கவில்லை என்றால், அங்கேதான் நிதானம் மிக அவசியம். ரௌட்டர் இருக்கும் வீட்டில் முகவரியை ரௌட்டரே வழங்கிவிடும். இணையம் தரும் கேபிள்வாலாவின் கம்பி நேராகக் கணிப்பொறிக்கே வரும் வீட்டில் இரண்டு விஷயங்களைச் சந்தேகிக்க வேண்டும். ஒன்று, அவர் தந்த பயனர் பெயரையும் கடவுச்சொல்லையும் பி.பி.பி.ஓ.இ. என்ற முறையில் லினக்ஸிலும் புதிதாகப் பதிய வேண்டியிருக்கலாம். மற்றொன்று, ஒவ்வொரு நெட்வொர்க் கார்டுக்கும் பிறவியிலேயே அமைந்த பன்னிரண்டு இலக்க மேக் முகவரி. சில கேபிள்காரர்கள் பழைய யந்திரத்தின் மேக் முகவரியைத் தம் கணக்கோடு பிணைத்து வைத்திருப்பார்கள், அதனால் புதிதாக வந்த யந்திரம் எவ்வளவு சரியாக இருந்தாலும் வாசலிலேயே நிறுத்தப்படும். பாவம், பழி முழுதும் லினக்ஸின் தலையில் விழுகிறது! புதிய மேக் முகவரியைப் பதிந்துகொள்ளும்படி கேபிள்காரரைக் கேட்டாலே போதும்.

முகவரி கிடைத்த பிறகும் தளங்கள் திறக்காவிடில், 'பிங்' கட்டளையால் முதலில் ரௌட்டரையும், பிறகு 8.8.8.8 என்ற கூகுளின் முகவரியையும், கடைசியில் ஏதேனும் ஒரு தளத்தின் பெயரையும் அழைத்துப் பார்க்க வேண்டும். எண்ணுக்குப் பதில் வந்து பெயருக்கு வராவிட்டால், பெயரை எண்ணாக மாற்றித் தரும் டி.என்.எஸ். பழுதுபட்டிருக்கிறது, நெட்வொர்க் அமைப்பில் அந்த 8.8.8.8ஐயே டி.என்.எஸ். என்று எழுதிவிட்டால் பெரும்பாலும் சரியாகிவிடும். ரௌட்டர் பதிலளித்து அதற்கு அப்பால் ஒன்றுமே பதிலளிக்காவிட்டால், கேபிள்காரரை அழைத்து அந்த விவரத்தை அப்படியே சொல்ல வேண்டும். வெறுமனே "நெட் வரவில்லை" என்பவரிடம் கணிப்பொறியைப் பார்க்கச் சொல்கிறவர், இதைக் கேட்டால் கட்டடத்திலுள்ள தம் இணைப்புப் பெட்டியைப் பார்க்க ஆளனுப்புவார்.