எஞ்சின் நின்றால் எந்த வயல்?

2025 நவம்பர் 13 அன்று, பஸ்ஸும் லாரியும் ஓடும் திருச்சி–புதுக்கோட்டை நெடுஞ்சாலையில் கீரனூர் பக்கம் ஒரு குட்டி விமானம் வந்து இறங்கியது. சேலத்திலிருந்து கிளம்பிய செஸ்னா பயிற்சி விமானம் அது. நடுவானில் கோளாறு. உள்ளே இருந்த இருவரும் பிழைத்தார்கள். வேடிக்கை பார்க்கக் கூட்டம் கூடிவிட்டது.

இப்படிப்பட்ட நேரத்தில் கை கொடுப்பது உயரம். எஞ்சின் நின்றாலும் செஸ்னா 172 கல்லாய் விழாது. ஓர் அடி இறங்குவதற்குள் ஏறக்குறைய 9 அடி முன்னே மிதந்துவிடும். 5000 அடியில் இருந்தால் பதிமூன்று கிலோமீட்டர் தொலைவுக்குள் இடம் தேடலாம். ரன்வேயை விட்டு எழும்பி 500 அடியிலேயே நின்றுபோனால்? ஒன்றரை கிலோமீட்டர்கூடத் தேறாது. கையில் இருப்பது அரை நிமிடச் சொச்சம். அகமதாபாத்தில் 2025 ஜூன் 12 அன்று விழுந்தது பெரிய விமானம்தான். அணைந்திருந்த எரிபொருள் சுவிட்சுகள் மறுபடி போடப்பட்டும், எஞ்சின்கள் முழுவேகம் பிடிக்க அங்கும் உயரம் போதவில்லை.

அந்த அரை நிமிடத்தில் மனம் சொல்வது ஒன்றுதான்: ரன்வே பின்னாலேயே இருக்கிறது, திரும்பு! ஆளைக் கொல்வதும் அதுவே. 45 டிகிரி சாய்ந்து திரும்பினால், இறக்கை காற்றைப் பிடித்து நிற்கத் தேவைப்படும் குறைந்தபட்ச வேகம் 19 சதவீதம் கூடும். 60 டிகிரியில் 41 சதவீதம். வேகமோ குறைந்துகொண்டே வரும். ஓர் இறக்கை சரிந்தால் மீட்க உயரம் இல்லை. அதனால்தான் மூக்கைத் தாழ்த்தி, எதிரே கிடைத்த இடத்தில் இறங்கு என்று பயிற்சியில் திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள்.

பெட்ரோலில் தண்ணீர், தவறாகத் திருப்பிய எரிபொருள் வால்வு என்று எஞ்சின் நிற்கக் காரணங்கள் பல. நம்மூர்க்காரர்கள் நம்ப மறுப்பது பனிக்கட்டியை. பழைய ரக எஞ்சினின் கார்புரேட்டரில் பெட்ரோல் ஆவியாகும்போது உள்ளே வெப்பநிலை 30 டிகிரிக்கு மேல்கூடக் குறையலாம். மார்கழி விடியலின் ஈரக்காற்றில், ரன்வே ஓரம் எஞ்சினை மெதுவாக ஓடவிட்டுக் காத்திருந்தாலே கார்புரேட்டரின் தொண்டையில் பனி கட்டலாம். வெளியே 20 டிகிரி இருந்தாலும்!

இறங்க இடம் தேடி நம்ம சீர்காழி வயல்களை மேலிருந்து பார்த்தால் கண்ணுக்கெட்டியவரை ரன்வேதான். ஆனால் கீரனூரில் இறங்கிய அதே ஐப்பசிக் கடைசி வாக்கில் இங்கே சம்பா நாற்று வேர்பிடித்து, வயலில் தண்ணீர் நிற்கும். களிமண் சேற்றில் முன்சக்கரம் புதைந்தால் விமானம் குப்புறக் கவிழலாம். மாசியில் அறுவடை முடிந்து உளுந்து நிற்கும் வயல் கெட்டித்தரை. அதிலும் வரப்பைக் குறுக்கே தாண்டாமல், வரப்போடு வரப்பாக இறங்க வேண்டும். விழுப்புரம்–நாகை நாலுவழிச் சாலை ஆசை காட்டும். அறுப்புக் காலத்தில் பாதிச் சாலையில் நெல் காயும் ஊர் இது.

இறங்கிவிட்டால் ஊர்சனம்தான் முதலில் ஓடிவரும். பெட்ரோல் கசியலாம், பீடியை அணைத்துவிட்டுத்தான் நெருங்க வேண்டும். நின்றிருக்கும் காற்றாடியைத் தொடவே கூடாது. எஞ்சினுக்குத் தீப்பொறி தரும் மேக்னெட்டோ அணைக்கப்படாமல் இருந்தால், கையால் லேசாகச் சுற்றினாலே எஞ்சின் உதைத்துக் கிளம்பிவிடலாம்.