காட்டுத் தீயும் காணியுடையாரும்

காடு என்றதும் அஃது அரசினர் உடைமை என எண்ணுதல் இலங்கையில் வாழ்வார்க்கு இயல்பு. ஐக்கிய அமெரிக்காவின் தென்கீழ் மாநிலங்களிலோ நிலைமை வேறு. அங்கே காட்டு நிலத்தின் பெரும்பகுதி குடும்பங்களுக்கும் கம்பனிகளுக்கும் உரியது. ஆதலின் காட்டுத் தீயைத் தடுக்கும் கடமையும் பெரிதும் காணியுடையாரையே சாரும்.

வேர்ஜினியா தொடக்கம் ரெக்சாஸ் வரை முற்காலத்தில் ஏறத்தாழ 9 கோடி ஏக்கரில் நீளிலைப் பைன் மரக் காடு பரந்திருந்தது. இம்மரம் தீயோடு பழகி வளர்ந்தது. இதன் விதை, சருகு நீங்கிய வெறுமண்ணிற் படிந்தாலன்றி நன்கு முளையாது. முளைத்த கன்று சில ஆண்டுகள் புற்குடுமிபோலத் தரையோடு தரையாகவே நிற்கும். அக்காலத்தில் வேரே ஆழச் செல்லும். தீப் பரவினால் நீண்ட இலைகள் கருகுமேயன்றி, அவற்றால் மூடப்பெற்ற குருத்துப் பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும். மின்னலால் எழுந்த தீயும் தொல்குடியினர் இட்ட தீயும் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை நிலத்தைத் தடவிச் சென்றமையால், சருகும் புதரும் மிகாதிருந்தன.

இவ்வுண்மையைக் கற்றாரினும் குடியானவரே முன்னர் அறிந்திருந்தனர் என்பது சிந்திக்கத்தக்கது. மாட்டுக்குப் புதுப்புல் தளிர்க்கவேண்டி அவர்கள் குளிர்காலத்தில் தீயிடுவர். 1920களின் இறுதியிற் காட்டியல் ஆர்வலர் சிலர் படக்கருவியை லொறிகளில் ஏற்றிக்கொண்டு ஊரூராகச் சென்று, எல்லாத் தீயும் கேடே எனப் போதித்தனர். அதே காலத்திற் காடைகளின் வாழ்க்கையை ஆராய வந்த ஹேர்பேட் ஸ்ரொடார்ட் என்பார் மாறான முடிபை அடைந்தார். தீயை முற்றாக விலக்கிய இடங்களிற் புதர் மண்டிக் காடை குறைகின்றது என அவர் கண்டார். வேட்டைப் பண்ணை உடைமையாளரின் பொருளுதவியுடன் ஜோர்ஜியா, புளொரிடா எல்லைப்புறத்தில் நிகழ்ந்த அவ்வாராய்ச்சி 1931இல் நூலாயிற்று. காட்டியலாளர் எதிர்ப்பினால் தீ பற்றிய அதிகாரத்தை மட்டும் அவர் பலமுறை திருத்தியெழுத நேர்ந்தது.

தீயை விலக்கினால் எரிபொருள் விலகுவதில்லை. ஆண்டுதோறும் ஊசியிலை உதிர்ந்து சேரும். குறும்பனையும் புதரும் ஏணிபோல் உயர்ந்து நிலத்தீயை மர உச்சிக்கு ஏற்றிவிடும். வறட்சியுற்ற புளொரிடாவில் 1998ஆம் ஆண்டு ஏறத்தாழ 5 இலட்சம் ஏக்கர் எரிந்தது.

காணியுடையார் இடும் தீ கண்டபடி இடுவதன்று. முதலில் எல்லையைச் சுற்றிச் சருகும் வேரும் நீங்கி மண் தோன்றுமளவும் உழுது தடைப்பாதை அமைப்பர். மழை பெய்து சில நாட் கழித்து, மேற்சருகு உலர்ந்தும் அடிச்சருகு ஈரமாயும் உள்ள நாளைத் தெரிவர். காற்றும் ஒரே திசையில் மெல்லென வீசுதல் வேண்டும். காற்றுச் சென்று சேரும் பக்கத்து எல்லையிலேயே தீ மூட்டுவர். அத்தீ காற்றை எதிர்த்து மெல்ல மெல்ல நகரும். சுடர் தாழ்ந்திருத்தலின் மரத்துக்குத் தீங்கு குறைவு. இரவிற் புகை மூடுபனியோடு கலந்து நெடுஞ்சாலையிற் படிந்தால் வாகனங்கள் ஒன்றோடொன்று மோதும். ஆதலின் தீயினும் புகைக்கே அஞ்சுவார் உளர்.

அயலான் காணிக்குத் தீ தாவினால் யார் பொறுப்பு? இவ்வச்சமே பலரைத் தடுத்தது. புளொரிடாவின் 1990ஆம் ஆண்டுச் சட்டம், தேர்ச்சிச் சான்று பெற்றவர் எழுத்துத் திட்டத்தோடும் உரிய அனுமதியோடும் நடத்தும் தீயினால் நட்டம் விளையின், கவனக்குறைவு நிறுவப்பட்டாலன்றி உடைமையாளர் பொறுப்பாகார் என வகுத்தது. 1999இல் 'பெருங் கவனக்குறைவு' என மேலும் தளர்த்தினர். நட்டமுற்ற அயலவர்க்கு இது நீதியோ என்பது கேட்கத்தக்க வினாவே. ஆயினும், பல்லாண்டு எரியாது சருகு மண்டிய காணியும் அவ்வயலவர்க்கு ஆபத்தே.

தீயிட இயலாத சிறுகாணியுடையார் புதரை வெட்டியும், நெருங்கிய மரங்களைக் களைந்தும், வீட்டுச் சுவரோரத்தையும் கூரைப் பீலியையும் சருகின்றி வைத்தும் காத்துக்கொள்ளலாம். காற்றிற் பறந்துவரும் பொறியே வீடுகளைப் பெரிதும் எரிப்பது.

நீளிலைப் பைன் காடு, இருபதாம் நூற்றாண்டின் இறுதியில் ஏறத்தாழ 30 இலட்சம் ஏக்கராகச் சுருங்கியிருந்தது. அதனை மீண்டும் நடும் காணியுடையார் பலர், கன்று புற்குடுமியாய் நிற்கும் பருவத்திலேயே தீயிடத் தொடங்குகின்றனர். இலைகளைப் பற்றும் புள்ளிநோயும் அதனால் அடங்குகின்றது.